மச்சானை அஃபெண்ட் பண்ணியது யார்?

மாப்பிள்ளையும் மச்சானும் பேச்சை நிறுத்திப் பல மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு நாளைக்கு நூறு வார்த்தைக்குக் குறையாமல் பேசிக்கொண்டார்கள். அதற்குக் காரணம் பாசம் இல்லை, கம்பெனி விதி.

இருவரும் ஒரே லிஃப்ட் கம்பெனியில் ஜோடி மெக்கானிக்குகள். ஜோடி என்றால், ஒருவர் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு இருட்டுக் குழிக்குள் வேலை பார்ப்பார். இன்னொருவர் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமில் உட்கார்ந்து, அவர் சொல்கிறபடி பெட்டியை ஏற்றி இறக்குவார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. வாக்கிடாக்கியில் வரும் குரல்தான் எல்லாம். அதனால் ஒருவர் என்ன சொன்னாலும் மற்றவர் அதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் பொத்தானில் கை வைக்க வேண்டும் என்பது விதி. "மேலே" என்றால் "மேலே." "நிறுத்து" என்றால் "நிறுத்து." திருப்பிச் சொல்லாமல் அழுத்தியவர்களைப் பற்றிக் கம்பெனியில் சில கதைகள் உலவின. எல்லாக் கதைகளிலும் கடைசியில் யாரோ ஒருவர் கொஞ்சம் குட்டையாகிப் போவார்.

ஆக, கோபத்தின் உச்சத்திலும் மச்சான் "மேலே" என்று திருப்பிச் சொன்னார், "கீழே" என்று திருப்பிச் சொன்னார். ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேலை முடிந்து வாக்கிடாக்கியை அணைத்த நொடியில் அவர் வாயும் அணைந்துவிடும்.

வீட்டில் இன்னும் மோசம். மச்சான் தன் தங்கையைப் பார்க்க வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தார். தங்கையின் கணவனான மாப்பிள்ளை அதே சோபாவில், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பான். மச்சான் தங்கையிடம் சொல்வார்: "உன் வீட்டுக்காரர் என் கண்ணாடி மேல உக்காந்திருக்காரு. கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லு."

"அவரு காதுலயே விழுந்திருக்கும் அண்ணா."

"விழுந்தா சரி."

ஒரு நாள் அவள் பொறுமை இழந்தாள். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல டெலிபோன் எக்ஸ்சேஞ்சா? அப்படி என்னதான் பண்ணித் தொலைச்சீங்க எங்க அண்ணனை?"

"தெரிஞ்சா மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டேனா?" என்றான் மாப்பிள்ளை.

உண்மையில் அவன் மன்னிப்புக் கேட்காமலும் இல்லை. குத்துமதிப்பாக நிறையக் கேட்டிருந்தான். மச்சானின் பூப்போட்ட சட்டையைப் பார்த்து "ஜன்னல் திரை நடந்து வருது" என்று சொன்னதுதான் காரணமோ என்று புதுச் சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தான். மச்சான் வாங்கிக்கொண்டார், பேசவில்லை. இரவல் வாங்கிய டிரில்லிங் மிஷினை ஊசி உடைத்துத் திருப்பிக் கொடுத்ததுதான் காரணமோ என்று ஒரு டப்பா நிறைய ஊசி வாங்கிக் கொடுத்தான். அதையும் வாங்கிக்கொண்டார், பேசவில்லை. இப்படியே போனால் மச்சானுக்கு ஒரு கடையே வைத்துக் கொடுத்துவிடுவோம், காரணம் மட்டும் கிடைக்காது என்று அவனுக்குப் பட்டது.

சிரித்துப் பேசினாலும் உள்ளுக்குள் அவனுக்கு அடித்துக்கொண்டது. அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு, பகலிலும் படுத்தே கிடந்த அவனை எழுப்பி இந்தக் கம்பெனிக்குக் கூட்டிவந்தவர் மச்சான். "உயரம்னா இவனுக்குக் கொள்ளை ஆசை" என்று சூப்பர்வைசரிடம் கூசாமல் புளுகினார். நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டவே மாப்பிள்ளைக்குக் கால் நடுங்கும். முதல் வாரம் முழுக்க மச்சான் அவன் பின்னால் நின்று, வலிக்கிறதா என்றுகூடக் கேட்காமல், இடுப்பு பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே இருந்தார். அதற்கு அவன் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. மச்சானுக்குப் போய் யாராவது நன்றி சொல்வார்களா? சோறு ஊட்டியதற்குத் தன் வலது கைக்கு நன்றி சொல்கிற மாதிரி இருக்கும்.

இந்த நிலைமையில்தான் கம்பெனியில் ஆங்கில வகுப்பு தொடங்கியது.

அதற்குக் காரணம் 'எண்ணெய்' என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக். கம்பிவடங்களுக்கு கிரீஸ் போடுவது அவர் வேலை. ஒரு முறை பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய மனிதர் வியர்க்க விறுவிறுக்க "ஹௌ லாங்? ஹௌ லாங்?" என்று கத்தினார். எண்ணெய், கயிற்றின் நீளத்தைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "ஃபார்ட்டி மீட்டர் சார், வெரி ஸ்ட்ராங்" என்று ஆறுதல் சொன்னார். புகார் மேலிடம்வரை போனது. மறு வாரமே டீச்சர் வந்துவிட்டார்.

டீச்சர் சின்ன வயதுக்காரர். நிரந்தர ஜலதோஷம். வாரத்துக்கு ஒரு வினைச்சொல் என்பது அவர் முறை. "சொல்லு வாயில நிக்கணும்னா அதை நிஜ மனுஷங்ககிட்ட பேசிப் பார்க்கணும். பேசிட்டு, அவங்க என்ன பதில் சொன்னாங்கன்னு அடுத்த வகுப்புல வந்து சொல்லணும்" என்பார். போன வாரச் சொல் 'அப்ரிஷியேட்', அதாவது பாராட்டுவது. அந்த வாரம் முழுக்க கம்பெனியில் ஒருவரை ஒருவர் அப்ரிஷியேட் பண்ணியதில், தன்னை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்களோ என்று சூப்பர்வைசருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இந்த வாரச் சொல்லைப் பலகையில் எழுதிவிட்டு டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அஃபெண்ட். அடுத்தவங்க மனசு நோகுற மாதிரி நடந்துக்கறது. சாதாரணமா புழங்குற சொல்லுதான். 'டிட் ஐ அஃபெண்ட் யூ?' நான் உங்க மனசை நோகடிச்சுட்டேனா?"

எண்ணெய் கையைத் தூக்கினார். "தெரியாம நோகடிச்சாலும் அதே சொல்லுதானா டீச்சர்?"

"அதேதான்."

"அநியாயமா இருக்கே! தெரியாமப் பண்ணினதுக்குத் தள்ளுபடி கிடையாதா?"

"வலி அவங்களுக்கு வருதே, அதுல தள்ளுபடி வருதா?" என்றார் டீச்சர்.

வகுப்பின் ஒரு கோடியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். மறு கோடியில் மச்சான், ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சொல் ஆபத்தான கருவி என்பது இரண்டே நாளில் தெரிந்துபோனது. ஹெல்மெட் கொடுத்துத்தான் அதைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். எண்ணெய் ஒரு கட்டடத்து வாட்ச்மேனிடம் போய்ச் சும்மா ஒப்புக்கு "டிட் ஐ அஃபெண்ட் யூ?" என்று கேட்டார். வாட்ச்மேன் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆதிநாளிலிருந்து ஆரம்பித்தார். எண்ணெய் அவர் நாற்காலியில் கேட்காமல் உட்கார்ந்தது, கிரீஸ் கையோடு கதவைத் தொட்டது, பேரனுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னபோது போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியது. எண்ணெய்க்கு அன்று மதியச் சாப்பாடு போனது. "ஆனா ஒண்ணு," என்றார் பிறகு, "இப்ப அந்த ஆளு என்னைப் பார்த்தா எந்திரிச்சு நின்னு நாற்காலி போடுறான்."

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் மாப்பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டார். "திங்கக்கிழமையிலேர்ந்து உனக்கு ஜோடி எண்ணெய்தான். உன் மச்சான் ஒயர்மேன்கூடப் போறாரு."

"ஏன் சார்? நான் என்ன பண்ணுனேன்?"

"என்னைக் கேட்டா? அவரேதான் வந்து மாத்திக் குடுங்கன்னு கேட்டாரு. உன்கிட்ட சொல்லலையா?"

மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு நகர்ந்தான். கோபத்தில் இருக்கும் மச்சானைத் தாங்கிக்கொள்ளலாம். "மேலே", "கீழே" என்றாவது அந்தக் குரல் காதில் விழும். திங்கட்கிழமைக்குப் பிறகு அதுவும் இல்லை. அவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ பாதி வழியில் நின்றுபோன மாதிரி இருந்தது.

சனிக்கிழமைதான் ஜோடியாகக் கடைசி வேலை. ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம், மாதாமாதம் பார்ப்பது. மாப்பிள்ளை பெல்ட்டை மாட்டிக்கொண்டு பெட்டியின் மேல் ஏறினான். மச்சான் வழக்கம்போல மெஷின் ரூமுக்குப் போனார். கதவு உருளைகளைத் துடைத்து, தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டு, நான்காம் மாடி தாண்டியதும் மாப்பிள்ளை "நிறுத்து" என்றான்.

"நிறுத்து" என்றது வாக்கிடாக்கி. பெட்டி நின்றது.

பெட்டி அசையாமலிருக்கப் பக்கத்திலிருந்த ஸ்விட்சையும் அணைத்துவிட்டு அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். தாய்மொழியில் இதைக் கேட்க எத்தனையோ முறை வாயைத் திறந்திருக்கிறான், வந்ததில்லை. 'என் மேல என்ன கோவம்?' என்று கேட்டால் சண்டை போலிருக்கும். 'மன்னிச்சிருங்க' என்றால் நாடகம் போலிருக்கும். இரவல் மொழியில் சொன்னால் வீட்டுப்பாடம் போலிருக்கும். வீட்டுப்பாடத்துக்கு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது அல்லவா?

"டிட் ஐ அஃபெண்ட் யூ?"

வாக்கிடாக்கி கொஞ்சமும் தயங்கவில்லை. "டிட் ஐ அஃபெண்ட் யூ?" என்றது.

கம்பெனி விதி மச்சானின் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

மாப்பிள்ளை எத்தனையோ பதில்களுக்குத் தயாராக வந்திருந்தான். தன் கேள்வியே தன்னிடம் திரும்பி வரும் என்று நினைக்கவில்லை. கேட்டதும்தான், அதற்குத் தன்னிடம் ஒரு பதில் இருப்பதே அவனுக்குத் தெரிந்தது.

"ஆமா மச்சான்" என்றான். "பண்ணிட்டீங்க."

"என்ன ஆமா?"

"என்னை அஃபெண்ட் பண்ணுனீங்களான்னு கேட்டீங்கல்ல? பண்ணுனீங்க. என்கூட வேலை செய்யப் பிடிக்கலேன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம். சூப்பர்வைசர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"யோவ், நான் எப்பய்யா கேட்டேன்? நீ சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்!"

"சரி, அப்ப நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க."

வாக்கிடாக்கி கரகரவென்று இரைந்தது. அப்போது நான்காம் மாடிக் கதவின் இடுக்கு வழியாக ஒரு பெண் குரல் வந்தது. "தம்பி, லிஃப்ட் வருமா வராதா? நாலு மாடி ஏறிட்டேன், கையில பை கனக்குது."

"அஞ்சு நிமிஷம்மா. குடும்ப விஷயம்" என்றான் மாப்பிள்ளை.

"யாரு கூட?"

"மச்சான்கூட."

"அப்படின்னா அஞ்சு நிமிஷத்துல முடியாது" என்றார் அந்த அம்மாள். பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

மச்சான் தொண்டையைச் செருமினார். "அந்த நீலக் கட்டடம் ஞாபகம் இருக்கா?"

"எது, நீங்க உக்காந்துட்டீங்களே, அதுவா?"

"உக்காரலய்யா. பெட்டி மேல நின்னப்ப தலை சுத்துச்சு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. நீ வந்து கையைப் பிடிச்சு இறக்கி விட்ட. யார்கிட்டயும் மூச்சு விடல. மறுநாள் காலையில, 'மச்சான், நீங்க மெஷின் ரூம் போயிருங்க, நான் பெட்டி மேல ஏறிக்கறேன்'னு சொன்ன. அதுக்கு மறுநாளும் அதே. அதுக்கு மறுநாளும் அதே."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் மச்சான்…"

"தெரியுமே! அது தெரிஞ்சதாலதான் வயிறு எரியுது. நீ என்னைத் திட்டியிருந்தா நானும் திட்டிட்டு அன்னிக்கு சாயங்காலமே உன் வீட்டுல காபி குடிச்சிருப்பேன். நீ உதவி பண்ணித் தொலைச்சுட்ட. உதவி பண்ணினவனை என்னன்னு திட்டறது? நானும் காது டாக்டர்கிட்ட போனேன். காதுக்குள்ள ஏதோ கோளாறு, அதான் சுத்துதுன்னாரு. மருந்து குடுத்தாரு, போச்சு. திரும்பவும் வரச் சொல்லி நல்லாப் பார்த்துட்டு, தாராளமா உயரத்துல வேலை செய்யலாம்னும் சொல்லிட்டாரு. எப்பவோ சொல்லிட்டாரு. வந்து நிக்கறேன். 'மச்சான், இப்ப எப்படி இருக்கு, நீங்க ஏறுறீங்களா'ன்னு ஒரு வார்த்தை கேட்டியா? நீ பாட்டுக்குப் பெல்ட்டை மாட்டிக்கிட்டு ஏறிடற. நான் என்ன, ஓய்வு குடுத்து ஓரமா உக்கார வச்ச கிழவனா?"

சட்டையும் டிரில் ஊசியும் வாங்கிக் கொடுத்த நாட்களிலெல்லாம்கூட மாப்பிள்ளை இந்த விஷயத்தை ஒரு குற்றமாக நினைத்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், தான் செய்த நல்ல காரியம் என்று மனதுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"சரியாயிருச்சுன்னு நீங்களே சொல்லியிருக்கலாமே மச்சான்?"

"எப்படிச் சொல்றது? சுத்துச்சுன்னே நான் இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கலையே! வராத வியாதி போயிருச்சுன்னு எப்படிய்யா சொல்ல முடியும்?" என்றார் மச்சான். "ஒயர்மேனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. முதல் நாளே 'நான்தான் பெட்டி மேல'ன்னு சொல்லிட்டா முடிஞ்சது. அதான் மாத்திக் கேட்டேன். உன்கூட வேலை செய்யப் பிடிக்காம இல்ல."

கடைசி வாக்கியம் மட்டும் வேகமாகவும் தணிந்த குரலிலும் வந்தது.

மாப்பிள்ளை பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "மச்சான், இப்ப எப்படி இருக்கு? நீங்க ஏறுறீங்களா?"

"இது வீட்டுப்பாடமா?"

"இல்ல. இது நானே கேக்கறது."

"ஏறுறேன்" என்றார் மச்சான். அதற்குள் வாக்கிடாக்கியில் மூன்றாவதாக ஒரு குரல் புகுந்தது.

"சேனல்ல குடும்பப் பஞ்சாயத்து பேசக் கூடாது" என்றார் சூப்பர்வைசர். "எட்டு கட்டடத்துல வேலை நின்னு போயிருக்கு, எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கானுங்க. சீக்கிரம் சொல்லுங்க, திங்கக்கிழமை மாத்தணுமா, வேண்டாமா?"

"வேண்டாம் சார்" என்றார் மச்சான். "திங்கக்கிழமை நான் பெட்டி மேல, அவரு மெஷின் ரூம். செவ்வாக்கிழமை அவரு மேல. தினம் காலையில கேட்டு முடிவு பண்ணிக்கறோம்."

"அப்பாடா!" என்றது நான்காவது குரல். அது எண்ணெய். மாப்பிள்ளையோடு ஜோடி சேராமல் தப்பித்ததில் அவர் காட்டிய மகிழ்ச்சி கொஞ்சம் அஃபெண்ட் பண்ணுகிற மாதிரிதான் இருந்தது. மாப்பிள்ளை அதைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டான்.

பெட்டியை நான்காம் மாடிக்கு இறக்கி, பை அம்மாளை முதலில் அவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். "சமாதானம் ஆயிட்டீங்களா? நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, "இனிமே மாசக் கடைசியில சண்டை போடுங்க, முதல் வாரம்னா சாமான் ஜாஸ்தி" என்று அவர் போனார். படிக்கட்டில் மாப்பிள்ளையும் மச்சானும் எதிரெதிரே வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இருவருக்கும் கூச்சமாக இருந்தது. மாப்பிள்ளை பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தான். மச்சான் மாட்டிக்கொண்டு, தொப்பைக்குத் தக்கபடி இரண்டு ஓட்டை தளர்த்தினார். இருவரும் அந்த ஓட்டைகளைப் பற்றி எதுவும் பேசவில்லை.

மாப்பிள்ளை வெகுகாலத்துக்குப் பிறகு அந்தக் கட்டடத்தின் மெஷின் ரூமுக்குள் நுழைந்தான். சின்ன அறை. மோட்டாரின் வெக்கையில் காது மடல்கூட வியர்த்தது. கதவோரம் ஒரு மின்விசிறி யாருமில்லாத இடத்தில் காற்றை வீசிக்கொண்டிருந்தது. நாற்காலி அங்கே இல்லை. அது மறு மூலையில், காற்று எட்டாத சந்தில், கம்பிவடங்கள் குழிக்குள் இறங்கும் தரைத் துவாரத்தை ஒட்டிக் கிடந்தது. அதன் மேல் மச்சானின் துண்டு, பிழிந்தால் சொட்டும் ஈரத்தோடு.

இது என்ன கிறுக்குத்தனம் என்று நினைத்துக்கொண்டே அவன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் புரிந்தது. நிறுத்தும் பொத்தான் சரியாகக் கைக்கு எட்டியது. வாக்கிடாக்கி தேவையே இல்லாமல், கீழே பெட்டி மேல் மச்சான் செருப்பைத் தேய்ப்பது, சாவிக்கொத்து உரசுவது, மூச்சு விடுவது எல்லாம் துவாரம் வழியாக மேலே வந்தது. வாக்கிடாக்கி பழுதானாலும் கீழே இருப்பவன் கத்துவது காதில் விழ வேண்டும் என்றால், உட்கார வேண்டிய இடம் அதுதான். விசிறிப் பக்கம் உட்கார்ந்தால் மோட்டார் இரைச்சலில் எதுவும் கேட்காது. முகத்தைப் பார்க்க மறுத்த இத்தனை மாதமும் அந்த மனிதர், மாப்பிள்ளை கீழே நின்ற ஒவ்வொரு நிமிஷமும், கட்டடத்துக்குக் கட்டடம் இப்படிப்பட்ட அடுப்படியில் உட்கார்ந்து காதைத் தரையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மாப்பிள்ளை ஈரத் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டான். அடுத்த நொடி அவனுக்கு வேறொன்று உறைத்தது.

"மச்சான், இந்த ஓட்டை வழியா எல்லாம் கேக்குதே?"

"கேக்கும்."

"நான் கீழ நின்னுக்கிட்டு தனியா பேசுனதெல்லாமா?"

"கரடின்னு சொன்னது, மூஞ்சியப் பாரு உப்பின பலூன் மாதிரின்னது, எல்லாம் கேட்டுச்சு" என்றார் மச்சான் நிதானமாக. "'என்னதான் பண்ணுனேன்னு சொல்லித் தொலைக்கலாம்ல'ன்னு ஒரு நாள் குரல் கம்மிப் பேசுனதும் கேட்டுச்சு. அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீ உடனே 'இந்தக் கரடிகிட்ட'ன்னு ஆரம்பிச்சுட்ட."

மாப்பிள்ளை ஈரத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டான். சேனலில் எட்டுக் கட்டடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் என்று தெரியும். அவன் வாக்கிடாக்கியைக் கீழே வைத்துவிட்டு, துவாரத்தின் பக்கம் குனிந்து, வெறும் வாயாலேயே சொன்னான்:

"ரொம்ப நன்றி மச்சான்."

கீழே சாவிக்கொத்துச் சத்தம் நின்றது. "எதுக்கு?"

எதற்கென்று தொடங்குவது? தொழிற்சாலை மூடிய அன்றிலிருந்தா, பிடித்த பெல்ட்டிலிருந்தா? மாப்பிள்ளை விசிறியைப் பார்த்தான். "காத்து வராத இடத்துல உக்காந்ததுக்கு."

குழிக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. டீச்சரின் ஜலதோஷம் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

"மேலே" என்றார் மச்சான். குரல் கரகரத்தது.

"மேலே" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை பொத்தானைத் தொட்டான். மச்சான் வெகுநாள் கழித்து ஏறியிருக்கிறார், தலை சுற்றக் கூடாது. ஒரு அழுத்து, ஒரு நிறுத்தம். இன்னொரு அழுத்து, இன்னொரு நிறுத்தம். பெட்டி சாண் சாணாக ஊர்ந்தது.

"யோவ் மாப்பிள்ள!" துவாரம் வழியாக மெஷின் ரூமே அதிர்ந்தது. "என்ன, தொட்டில் ஆட்டுறியா? ஒழுங்கா ஏத்துய்யா!"

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தி, எடுக்காமல் பிடித்துக்கொண்டான். கம்பிவடங்கள் அவன் முழங்காலை உரசாத குறையாக மேலே ஓடின. மச்சான் ஏறி வந்துகொண்டிருந்தார்.